முன் டிஸ்க் சூடு, பின் சக்கரம் லாக்: இரண்டும் வேறு கோளாறு
சார், 1966 ஃபோர்டு மஸ்டாங் காரில் முன்னால் டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றியபின் பேடு உரசிச் சூடாகிறது, அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகிறது (சுற்றாமல் நின்று வழுக்குகிறது) என்கிறீர்கள்.

பெடல் மிதியைப் பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவைத்திருந்தால் என் சந்தேகம் அதன் மேல்தான். உள்ளே இருக்கும் ரெசிடியுவல் வால்வு சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை லைனில் பிடித்துவைக்கும். டிரம்முக்குச் சரி, டிஸ்க்கில் பேடை அழுத்தும் காலிபருக்கு ஆகாது. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிபரில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடரை லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் கையில் சுற்ற வந்தால் அழுத்தம் தேங்கி நிற்கிறது. பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடில் துளி ஆட்டம் இல்லாவிட்டாலும் இதே கூத்துதான், அதை முதலில் பாருங்கள்.

பின் லாக்குக்கு, பின் லைனில் மட்டும் அட்ஜஸ்டபிள் புரபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைப்பது) போடுங்கள். காலி ரோட்டில், முன் சக்கரம் சற்று முந்தி லாக் ஆகும்வரை அழுத்தத்தைக் குறையுங்கள்.

மாஸ்டரை மாற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் வழி உள்ள இரட்டைச் சர்க்யூட்டே வாங்குங்கள். உங்களுடையது ஒற்றை, ஒரு ஹோஸ் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு.