மேலே கருகல், நடுவே பச்சை மாவு: ஏர் ஃப்ரையர் கேக் கேள்வி பதில்

ஏர் ஃப்ரையரில் கேக் சுடுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பிரச்சினைதான். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள், மற்றவை எளிதாகப் புரியும். என்னிடம் இருப்பது நாலு லிட்டர் கூடை, 1500 வாட். கீழே சொல்லும் சூடும் நேரமும் அதற்கானவை. உங்கள் மெஷினில் ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம்.

மதுரையிலிருந்து ஒருவர்: அக்கா, ஓடிஜி (கேக் சுடும் மின்சார அவன்) செய்முறையில் 180 டிகிரி, 35 நிமிடம் என்று இருந்தது. அதையே ஏர் ஃப்ரையரில் வைத்தேன். 12 நிமிடத்தில் மேல்புறம் கருத்து, நடுவில் எரிமலை மாதிரி வெடித்துவிட்டது. வெட்டினால் உள்ளே பச்சை மாவு. எங்கே தப்பு?

மாவில் தப்பு இருக்காது. சூடு வரும் திசையைப் பாருங்கள்.

நம் வீடுகளில் குக்கரில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டும் விசிலும் எடுத்துவிட்டு கேக் சுட்டிருப்போம். அதில் சூடு அடியிலிருந்து வரும். அதனால்தான் குக்கர் கேக் அடியில் நன்றாகச் சிவந்து, மேலே வெளுப்பாக இருக்கும். ஏர் ஃப்ரையர் இதற்கு நேர் எதிர். சுருள் கம்பி மேலே இருக்கிறது, அதற்கு மேலே விசிறி. கூடையும் சின்னது, ஆகவே டின்னின் வாய்க்கும் கம்பிக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம்தான். அந்தச் சூட்டோடு வேகமான காற்றும் சேர்ந்து மாவின் தலையில் அடிக்கிறது. உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வருவதற்குக் காரணமும் இதேதான். கிழங்குக்கு நல்லது, கேக்குக்கு ஆகாது.

கேக் மாவு சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். நடுப்பகுதி 95 டிகிரியைத் தாண்டினால்தான் வெந்ததாகக் கணக்கு. அதற்குள் மேலே ஓடு கட்டிவிட்டால், உள்ளே பொங்கும் மாவுக்குப் போக்கிடம் இல்லாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நீங்கள் பார்த்த எரிமலை அதுதான்.

நான் செய்வது இப்படி. 160 டிகிரியில் ஐந்து நிமிடம் காலியாகச் சூடேற்றுவேன். ஆறு அங்குல டின்னில் மாவை ஊற்றி, ஃபாயிலால் இறுக்கமாக மூடி, அதே 160இல் 30 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு, 150இல் எட்டு முதல் பத்து நிமிடம். மேலே நிறம் பிடிப்பது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். அதற்கு முன் அவசரமே வேண்டாம். ஓடிஜி செய்முறை எதுவானாலும் 20 டிகிரி குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கோயம்புத்தூர்: ஃபாயில் போட்டால் ஆபத்து என்று என் அண்ணி சொல்கிறார். உண்மையா?

சும்மா மேலே வைத்தால் உண்மையாகவே ஆபத்துதான். முதல் தடவை நான் டின்னின் மேல் லேசாக வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். விசிறிக் காற்று அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டவைத்துவிட்டது. வாடை வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு எடுத்தேன். அன்றிலிருந்து விளிம்பைச் சுற்றி ஒரு அங்குலமாவது கீழே மடித்து, பானைக்கு வேடு கட்டுவது போல இறுக்கித்தான் வைக்கிறேன். நடுவில் ஒரு சின்ன மடிப்பு விடுங்கள், கேக் உப்பும்போது இடம் கிடைக்கும்.

பட்டர் பேப்பருக்கும் இதே எச்சரிக்கைதான். வெறும் பேப்பரைக் கூடையில் போட்டுச் சூடேற்றாதீர்கள், அது பறந்து மேலே போய்க் கருகும். டின்னுக்குள் மாவின் எடைக்கு அடியில் இருக்கும் பேப்பரால் பயமில்லை, ஆனால் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சேலம்: எட்டு அங்குல டின் கூடைக்குள் சரியாக உட்காருகிறது. போதுமா?

சரியாக உட்காருவதுதான் சிக்கல். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால் காற்று அடிக்குப் போகாது, அடிப்பகுதி ஈரமாகவே நிற்கும். நாலு லிட்டர் கூடைக்கு ஆறு அங்குலம், ஐந்தரை முதல் ஆறு லிட்டர் கூடைக்கு ஏழு அங்குலம். மாவு பாதி டின்னுக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம், முக்கால் வேண்டாம். அலுமினிய டின்தான் நல்லது. எவர்சில்வர் டப்பாவிலும் வரும், சூடு ஏற நேரமாகும். சிலிக்கான் அச்சு என்றால் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. நம்பிச் செய்யக்கூடிய ஒரு அளவு சொல்லேன் அம்மா.

சொல்கிறேன் அம்மா. இது ஆறு அங்குல டின்னுக்கு. மைதா 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி.

தயிரையும் சர்க்கரையையும் முதலில் கரையவிடுங்கள். எண்ணெய், பால் சேர்த்துக் கலக்கிய பிறகு, உலர்ந்தவற்றை எல்லாம் ஒன்றாகச் சலித்து இரண்டு தடவையாகச் சேருங்கள். கரண்டியால் கோதிவிட்டுக் கலந்தால் போதும். தோசை மாவு கரைப்பது மாதிரி அடித்துக் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை ஏறி, கேக் ரப்பர் போல ஆகிவிடும். நாலைந்து சின்னக் கட்டிகள் தெரிந்தாலும் விட்டுவிடலாம். மாவு கரண்டியிலிருந்து நாடா மாதிரி விழ வேண்டும், கெட்டியாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி பால்.

ஒன்றை மறக்காதீர்கள் அம்மா. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த அந்த நொடியே குமிழி வரத் தொடங்கிவிடும். அந்தக் குமிழிகள்தான் கேக்கைத் தூக்குகின்றன. மாவைக் கலந்து வைத்துவிட்டு மெஷினைச் சூடேற்றப் போனால் பாதி பலம் போய்விடும். மெஷின் சூடான பிறகுதான் சோடா மாவில் விழ வேண்டும்.

திருவண்ணாமலை: பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக அதே அளவு ஆப்பசோடா போடலாமா?

வேண்டாம். பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த புளிப்புப் பொருளும் மாவுச்சத்தும் கலந்திருக்கும். சோடா மட்டும் என்றால் அதைவிட மூன்று மடங்கு வீரியம். அதே அளவு போட்டால் சோப்பு மாதிரி கசக்கும், பொங்கி எழுந்து நடுவில் குழி விழும்.

வீட்டில் பழைய டப்பா இருந்தால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. ஆப்பசோடாவுக்கு எலுமிச்சைச் சாற்றில் அதே சோதனை.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அக்கா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகித்தான் கேக் சுடுகிறேன். வயர் சூடாகிறது. பரவாயில்லையா? கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

தம்பி, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. சாதாரண சின்ன பிளக் பாயின்ட் ஆறு ஆம்பியருக்கானது. சிப்ஸ் பொரிக்கப் பத்து நிமிடம் ஓடும்போது தெரியாது. கேக்குக்கு முக்கால் மணி நேரம் விடாமல் ஓடும்போது வயர் உருகலாம். மிக்ஸி, கிரைண்டர் போடும் பக்கத்தில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கும், நேராக அதில் சொருகுங்கள். இல்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒன்று போட்டுக்கொள்ளும்வரை கேக் வேண்டாம்.

பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழு நேரமும் கம்பி எரிந்தால்கூட 45 நிமிடத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலேதான் வரும். சூடு எட்டியதும் கம்பி நின்று நின்று எரிவதால் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

ராமநாதபுரம்: கேக் உள்ளே இருக்கும்போது கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது? எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது.

முதலில், கூடையை இழுத்துத் திறந்து பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கரன்ட் வந்துவிட்டால் உள்ளிருக்கும் சூடே காப்பாற்றும், விட்ட இடத்திலிருந்து ஓட்டி, கடைசியில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

அதற்கு மேல் ஆகும் என்று தோன்றினால் குக்கரை எடுங்கள். அடியில் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்ட், கேஸ்கட்டும் விசிலும் இல்லாமல் மூடி, மிதமான தீயில் சூடேற்றி, நன்றாகச் சூடானதும் டின்னை ஃபாயிலோடு அப்படியே உள்ளே மாற்றிச் சிறு தீயில் வையுங்கள். பாதிக்கு மேல் வெந்த கேக் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சுட ஆரம்பித்துப் பத்து, இருபது நிமிடத்துக்குள் கரன்ட் போயிருந்தால் நடு கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், ருசி கெடாது. இதற்காகவே கேக் சுடும் நாளில் குக்கரைக் கழுவிப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

சென்னை: கேக் ஒரு பக்கம் சாய்ந்து, மேலே அலை அலையாக வருகிறதே?

காற்றின் வேலை. மாவு தளர்வாக இருக்கும்போது விசிறி அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. முதல் அரை மணி நேரம் ஃபாயில் மூடியிருந்தால் சரியாகிவிடும். மேடை சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே சென்னைத் தோழி: வெண்ணெய் கேக் செய்யும்போது வெண்ணெயை அறை வெப்பத்தில் வை என்கிறார்கள். மே மாதத்தில் அது எண்ணெயாகவே ஓடுகிறது.

அந்தக் குறிப்பு குளிர்நாட்டுக்காரர்கள் அவர்கள் வீட்டு அறையை நினைத்து எழுதியது, கிட்டத்தட்ட 20 டிகிரி. நம் மே மாதத்துக்கு அது பொருந்தாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. உருகிய வெண்ணெயைச் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று பிடிக்காது.

தூத்துக்குடி: எங்கள் ஏர் ஃப்ரையரில் மீன்தான் அதிகம் பொரிப்போம். கேக்கில் அந்த வாடை வருமா?

வரும். வெண்ணெயும் எண்ணெயும் வாடையைப் பிடித்துக்கொள்ளும். கூடையை மட்டும் கழுவினால் போதாது, மேலே கம்பியிலும் அதைச் சுற்றியும் மசாலா எண்ணெய் தெறித்துக் காய்ந்திருக்கும். பிளக்கை எடுத்து, முழுக்க ஆறவிட்டு, மெஷினைக் கவிழ்த்து, பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 180இல் பத்து நிமிடம் காலியாக ஓட்டி, வாடை இல்லை என்று உறுதியான பிறகு மாவைக் கலக்கலாம்.

ஈரோடு: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கேழ்வரகு மாவும் நாட்டுச்சர்க்கரையும் போட்டால் தாராளமாகக் கொடுக்கலாமா?

தாராளமாக வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சின்னத் துண்டு, அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

மாவைப் பொறுத்தவரை, கேழ்வரகில் பசைத்தன்மை இல்லாததால் தனியாகப் போட்டால் உதிரும். பாதி கோதுமை, பாதி கேழ்வரகு எடுத்து, தயிரும் பாலும் கொஞ்சம் கூட்டி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கடைசியில் பேக்கிங் பவுடரும் சோடாவும் சேருங்கள். நன்றாகக் கனிந்த ஒரு பச்சை வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் சர்க்கரையைக் கணிசமாகக் குறைக்கலாம். ஏர் ஃப்ரையரின் காற்று கேக்கை உலர்த்தும், பழம் அந்த ஈரத்தைக் காக்கும். இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்தது வாழைப்பழ கேக்தான்.

வேலூர்: கேக் சுடுவதற்காகவே ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். கேக்தான் ஆசை என்றால் ஓடிஜி வாங்குங்கள், அதில் மேலும் கீழும் கம்பி இருக்கிறது, எட்டு அங்குல டின்னும் போகும். வீட்டில் ஏற்கெனவே ஏர் ஃப்ரையர் இருந்தால், நாலு பேருக்கு அரைக் கிலோ கேக் அதில் அருமையாக வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) அம்மம்மா செய்யிற லவ் கேக்கை ஏர் ஃப்ரையரில செய்யலாமா? அவ தட்டுக்குப் பல அடுக்காப் பேப்பர் போட்டுத்தான் செய்வா.

செய்யலாம், தங்கை. ரவை, கஜு (முந்திரி), சீனி, மஞ்சள் கரு, பன்னீர் (ரோஜா நீர்), தேன், பாகில் ஊறிய நீற்றுப்பூசணி என்று இவ்வளவும் சேரும் கனமான கேக் அது. சீனி அதிகம் என்பதால் சீக்கிரம் கருகும். அம்மம்மா பல அடுக்குப் பேப்பர் போடுவது அதற்காகத்தான், சூடு மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும் என்று. அந்தக் கவனத்தை நீங்களும் விடக் கூடாது. டின்னுக்குள் இரண்டு மூன்று அடுக்கு பட்டர் பேப்பர் போட்டு, விளிம்போடு சரியாக வெட்டிவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மேலே கம்பி பக்கத்திலேயே இருக்கிறது.

வீட்டு அளவில் கால் பங்கு மட்டும் எடுத்து, ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஃபாயில் மூடி 140 டிகிரியில் 50 நிமிடம் வையுங்கள். பிறகு திறந்து பத்து நிமிடம், மேலே பொன்னிறமாகும்வரை. மற்ற கேக்குக்கு நடுவில் தென்னங்குச்சி குத்தினால் சுத்தமாக வர வேண்டும், இதற்கு அப்படிப் பார்க்காதீர்கள். இதன் நடு ஈரமாகத்தான் இருக்கும், குச்சி சுத்தமாக வரும்வரை சுட்டால் காய்ந்துபோகும். ஓரம் டின்னை விட்டு லேசாக விலகி, நடுவைத் தொட்டால் தளும்பாமல் இருந்தால் எடுத்துவிடலாம். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு, மறுநாள் வெட்டுங்கள். முதல் துண்டை அம்மம்மாவுக்குக் கொடுத்து, உப்பலும் ஈரமும் சரியா என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த முறைக்கு எத்தனை நிமிடம் கூட்டுவது, குறைப்பது என்று அவர் சொல்லிவிடுவார்.