ஒரு காலத்தில் விரும்பி எழுதினேன். இப்போது எழுத மனமே வரவில்லை. அந்த மகிழ்ச்சியைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். எனக்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அது திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊரை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். பள்ளிக் காலத்தில் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பசி தெரியாது. பிறகு ஓர் அலுவலகத்தில் கடிதம் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று பகல் முழுவதும் எழுதிய கை, வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் தொட மறுத்தது. நெடுநாள் அந்த வேலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், எனக்காக எழுத உட்கார்ந்த வேளையிலும், யாரோ ஒருவர் எதிரில் அமர்ந்து மதிப்பெண் போடுவதாக எண்ணியே நான் எழுதிக்கொண்டிருந்தேன். இதை இதழுக்கு அனுப்பலாமா, பரிசு கிடைக்குமா என்ற நினைப்பு முதல் வரிக்கு முன்பே வந்துவிடும். கடலைப் பற்றி எழுதினால், கடலையே பாராதவரும் எழுதிவிடக்கூடிய சொற்கள்தாம் வந்தன.

என் அம்மா கடற்பாசி எடுக்கப் போனவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பறித்து வருவார்கள். மூட்டு வலியால் அவர் கடலுக்குப் போவதை நிறுத்திய ஆண்டில், அவருடைய ஒரு நாளை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாறையில் மரிக்கொழுந்துப் பாசி நீள நீளமாக அசைந்தது என்று எழுதியிருந்தேன்.

“அது கட்டக்கோரைடி. மரிக்கொழுந்து அப்படியா இருக்கும்? அது குட்டையா பாறையோட ஒட்டிக்கிட்டுல்ல கிடக்கும்” என்றார்.

அதன்பின் ஒரு மணி நேரம் பேசினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எந்தப் பாசி கையைக் கிழிக்கும், கஞ்சிப் பாசி எங்கே கிடைக்கும், தண்ணீர் கலங்கினால் ஏன் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். அன்றிரவு நான்கு பக்கம் எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பள்ளிக் காலத்தில் உணர்ந்த அந்தப் பசியின்மை அன்று மீண்டும் என்னிடம் இருந்தது. அந்தப் பக்கங்களை யாரிடமும் காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் இன்ன சொன்னார் என்று, கண்டதையும் கேட்டதையும் பேச்சு மொழியிலேயே எழுதிச் சென்றார். அந்த உரைநடையில் அலங்காரத்தைத் தேட வேண்டியதில்லை. கண்ணும் காதும் விழித்திருப்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. உங்களுக்கு முன்மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அவரையே சொல்வேன்.

நான் நாள்தோறும் தேதியை எழுதி, அடுத்து அன்றைய காற்றை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அது வீண் தகவல் அன்று. வாடை வீசும் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும் மாதங்களில் இது தலைகீழாகும். ஆகவே காற்றின் பெயரை எழுதிவிட்டால், எந்தக் கரையில் படகுகள் நிற்கின்றன, சந்தைக்கு எந்த மீன் வருகிறது, தெருவில் யார் வேலையின்றி அமர்ந்திருக்கிறார்கள் என்று அடுத்தடுத்த வரிகள் தாமாகவே வருகின்றன. உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். பேருந்து நிலையமோ கண்மாய்க் கரையோ உங்களுக்கு அந்த இடத்தில் இருக்கும். எழுதியதை ஒரு மாதமாவது திருத்தாமல் வைத்திருங்கள்; திருத்தத் தொடங்கினால் அந்த மதிப்பெண் போடுபவர் திரும்பி வந்துவிடுவார்.

கையால் எழுதுவதா, கைப்பேசியிலா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைத்தபோது என் வாக்கியங்கள் இடையிலேயே அறுந்தன. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகிய பின்னரே எண்ணத்தின் வேகத்துக்கு விரல்கள் ஈடுகொடுத்தன. பழக எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

நேற்று, கடலுக்கடியில் திடீரென்று குளிர்ந்து ஓடும் நீருக்கு என்ன பெயர் என்று அம்மாவைக் கேட்டேன். தாம் மறந்துவிட்டதாகவும், பெரியபட்டினத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு நினைவிருக்கும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். அந்தச் சொல்லுக்காகக் குறிப்பேட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.