அவருக்கு மட்டும் ஏன் வேறு பேணி?

கேள்வி: மகளின் குடும்பம் கனடாவிலிருந்து திரும்பி ஆறு மாதமாகிறது. ஒன்பது வயதுப் பேரன் பெரியவர்களைக் கண்டால் எழுவதில்லை. இடக் கையால் காசு நீட்டுகிறான். நல்லூர்க் கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னால் 'ஏன்?' என்கிறான். தேங்காய் பிடுங்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்தபோது, 'அவருக்கு மட்டும் ஏன் வேறு பேணி?' என்று அவர் முன்னாலேயே கேட்டு மானத்தை வாங்கிவிட்டான். எப்படிப் பழக்குவது?
– ஓர் அம்மம்மா, கொக்குவில்

பதில்: அம்மா, அவன் பழகிக்கொண்டுதான் இருக்கிறான், உங்கள் வாயைப் பார்த்தல்ல, கையைப் பார்த்து. 1961இல் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா, பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு பொம்மை கையில் கிடைத்ததும் பிள்ளைகள் பலர் அதே அடியை அடித்தார்கள், அதே வசனத்தைச் சொன்னார்கள். அடிக்கும்படி யாரும் சொல்லவில்லை.

எழுந்து நிற்பதும் வலக் கையும் சின்ன விஷயங்கள். நீங்கள் எழுந்தால் அவனும் எழுவான். மாலையில் ஒழுங்கையில் போளை (கோலி) அடிக்க விடுங்கள். அளாப்பி ஏமாற்றினால் அடுத்த ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அந்தப் பாடத்தை உங்களாலும் என்னாலும் நடத்த முடியாது. சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற உளவியலாளரும் போளை விளையாட்டைத்தான் உட்கார்ந்து பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது மாற்ற முடியாத கட்டளை. பத்து வயதை நெருங்கும்போதுதான், அது நாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டது என்று பிடிபடத் தொடங்குகிறது. உங்கள் பேரனின் 'ஏன்' திமிரல்ல, வயது. நல்லூர் விஷயத்தில் தெரிந்த காரணத்தைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'எல்லோரும் கழற்றுகிறார்கள், நாமும் கழற்றுவோம்' என்றாலே போதும். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம், ஒரு நாள் பிடித்துவிடுவான்.

பேணிக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அவன் கேட்டதை நீங்கள் மானக்கேடு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதத்திலேயே பிடித்த வரி அதுதான். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியைச் சொல்லி உள்ளே விடப்படாத சனங்கள் உட்கார்ந்து கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். தேநீர்க் கடைகளிலும் அந்தக் காலத்தில் அது கேட்கப்பட்டது. உங்கள் குசினியில் கேட்கப்பட இத்தனை காலமாகியிருக்கிறது. அந்தப் பேணியை நீங்கள் அவனுக்கு விளக்கவேயில்லை, ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் பார்த்தால் கேட்பதை விட்டுவிட்டு அவனும் அதையே எடுத்துக் கொடுப்பான்.

அடுத்த முறை அவர் வரும்போது தேநீரை அவனிடமே கொடுத்தனுப்புங்கள். பேணியை அவனே எடுக்கட்டும். வலக் கையால் நீட்டச் சொல்ல மட்டும் மறக்காதீர்கள்.