பனைமரத்தில் ஒரு முனை

போன இதழில் தந்தி ஆபீஸ் நாட்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, “இப்போதும் தினம் காலையில் ஹாம் ரேடியோவில் பேசுகிறேன்” என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். ஆசிரியர் அனுப்பிவைத்த கடிதக் கட்டில் பாதிக்குமேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. தந்தியை எல்லோரும் மறந்தாயிற்று போல. சரி, இந்த இதழ் முழுக்க ஹாமுக்கே. ஹாம் என்றால், அரசு லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்.

ஐயா, ஹாம் லைசென்ஸ் வாங்குவது கஷ்டமா? என் அண்ணன் துபாயிலிருந்து வரும்போது ஒரு வாக்கி டாக்கி வாங்கி வரச் சொல்லட்டுமா?
– கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

அண்ணனிடம் பேரீச்சம்பழம் வாங்கி வரச் சொல்லுங்கள், தம்பி. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் செட்டைக் கையில் வைத்திருப்பதே தப்பு என்று 1933-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பேசவே இல்லை, அலமாரியில் சும்மாதான் கிடந்தது என்பதெல்லாம் எடுபடாது. லைசென்ஸ் முதலில், செட் பிறகு.

பரீட்சையை நடத்துவது மத்திய தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ்ஸைக் கவனிக்கிற டபிள்யூ.பி.சி. பிரிவு. விண்ணப்பம் இப்போது சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. இரண்டு நிலை உண்டு: ரிஸ்ட்ரிக்டெட், ஜெனரல். முதலாவதற்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமான தந்திக் குறியீடு, கிடையாது. தாளில் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ பாடம்: ஓம் விதி, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், ஆன்டெனா, அலை எப்படிப் பரவுகிறது என்பவை. இன்னொன்று விதிமுறை. பகுதிக்கு 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் ரிஸ்ட்ரிக்டெட் தேறலாம். பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்கு முதல் பகுதி பயமில்லை. ஆள் விழுவது இரண்டாவதில்தான். பாட்டுப் போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது, லைசென்ஸ் உள்ள ஹாமோடு மட்டுமே பேச வேண்டும் என்பவையெல்லாம் பொதுப்புத்திக்கே தெரியும். ஆனால் கியூ கோடு (கியூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), ‘வி ஃபார் விக்டர், யு ஃபார் யூனிஃபார்ம்’ என்று எழுத்துகளைச் சொல்லும் முறை, எந்த பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) எவ்வளவு வாட் என்பதையெல்லாம் உட்கார்ந்து நெட்டுருப் போட வேண்டும். வேறு வழியில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையும் உண்டு, திருவனந்தபுரமும் உண்டு. நான் 2014-இல் பாலக்காட்டில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறித் திருவனந்தபுரம் போய் எழுதினேன். என் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான்.

எழுதியதும் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. எந்த மேசையில் தூங்கியதோ! தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் போய் உட்காருவதும், அவர் தலையாட்டிவிட்டுப் போவதும் வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்களுக்குச் சீக்கிரம் வரலாம். எப்படியானாலும் அந்த இடைவெளி வீண் போகாது. கேட்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது. சைடுபேண்ட் (ஹாம்கள் குரல் அனுப்புகிற முறை) எடுக்கிற ஒரு சிற்றலை ரேடியோ இருந்தால் போதும். சாதாரண ரேடியோவில் ஹாம் குரல் வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்கும். நான் எட்டு மாதம் வாயைத் திறக்காமல் கேட்டேன். யார் எப்போது வருவார், யாருக்கு இருமல், யார் வீட்டில் சேவல் கூவும் என்பது வரை அத்துப்படி.

மோர்ஸ் இல்லாமல் ஜெனரல் கிடைக்காதா? நீங்கள் தந்திக்காரர், உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
– மின்வாரிய ஊழியர், செங்கோட்டை

கிடைக்காது. நிமிஷத்துக்கு 8 சொல் வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று கணக்கு.

எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லித்தான் நானும் மார்தட்டிக்கொண்டு போனேன். 1977-இல் வேலைக்குச் சேர்ந்தவன். தந்தி வரும்போது அடித்துக் காட்டுகிற சவுண்டர் கருவிக்குப் பின்னால் ஒரு காலி பிஸ்கட் டின்னை நிறுத்திவைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே செய்தி எழுதியவன். ஆனால் சவுண்டரில் கேட்பது ‘டக்’குகள் மட்டும். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகலா நீளமா என்பதை வைத்துத்தான் எழுத்தைப் பிடிப்போம். ரேடியோவில் வருவதோ விசில். விசில் நீடிக்கிற நேரமே எழுத்து. முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நாற்பது எழுத்தில் பதினொன்று பிடித்தேன். முப்பத்தாறு வருஷம் தந்தி ஆபீஸ் காபி குடித்த காது! ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் வழிக்கு வந்தது எப்படி என்றால், புள்ளி கோடு போட்ட அட்டவணையைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். கண்ணால் மோர்ஸ் படித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுக்குள் அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்போம்; அதற்குள் மூன்று எழுத்து ஓடிவிடும். சத்தமாகவே படிக்க வேண்டும். எல்லோரையும் பொதுவாக அழைக்கிற ‘சி கியூ’ எப்படி ஒலிக்கிறது பாருங்கள்: டாடிடாடி, டாடாடிடா. மிருதங்கச் சொல்லுக்கட்டு மாதிரி வாயால் சொல்லிப் பாருங்கள். எழுத்தை வேகமாகவே அடிக்க விட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் கூட்டிக் கேளுங்கள். மெதுவாக இழுத்து அடித்துப் படித்தால், வேகம் கூட்டும்போது முதலிலிருந்து படிக்க வேண்டி வரும். தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம்.

மோர்ஸ் வராவிட்டால் ரிஸ்ட்ரிக்டெட்டோடு இருங்கள், ஒரு குறையும் இல்லை. 50 வாட்டில் இந்தியா முழுக்கப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். லைசென்ஸோடு கொடுக்கிற அடையாளக் குறியான கால்சைனும் வி.யு.3 என்று தொடங்கும், ஜெனரலுக்கு வி.யு.2. அந்த ஒரு எண்ணை வைத்து மேலேயும் கீழேயும் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்கள் பக்கம் காதைத் திருப்ப வேண்டாம்.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. இங்கிருந்து பேசினால் எங்காவது எட்டுமா? ஆன்டெனாவுக்கு நிறையச் செலவாகுமா?
– திராட்சை விவசாயி, கம்பம்

கையில் பிடிக்கிற 144 மெகாஹெர்ட்ஸ் செட் என்றால் மலை மறைக்கும். அந்த அலை ஏறக்குறைய கண் பார்வை போகிற வழியில்தான் போகும். எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் திறந்து கிடக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் கோயம்புத்தூர்க்காரர் பேசுவது பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலக் கேட்கும். அந்தக் கொடுப்பினை உங்களுக்கு இல்லை. மலையுச்சியில் ரிப்பீட்டர் இருந்தால் அது உங்கள் குரலை வாங்கி மறு அலைவரிசையில் அனுப்பும், அவ்வளவுதான்.

ஆனால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை. ஒயரை உயரம் குறைவாகக் கட்டினால் அலை நேரே மேலே போகும். மேலே அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி சுற்றிலும் இறங்கும். பகலில் நூறு, இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ராத்திரியானால் பக்கத்து ஊர் மறைந்து தூரத்து ஊர் வரும்.

செலவு குறைவுதான். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். நடுவில் வெட்டிப் பக்கத்துக்கு 10 மீட்டர். நடுவெட்டில், செட்டிலிருந்து வருகிற கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பி ஒரு பக்கம், அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னல் மறுபக்கம். சால்டர் வைத்து, தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றுங்கள். முனைகளுக்கு பி.வி.சி. பைப் துண்டு. முதலில் அரை மீட்டர் கூடுதலாகவே விட்டுக் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டுவது) பாருங்கள். முள் ரொம்பக் கீழே இறங்குகிற இடம் 6.9-இல் வந்தால் ஒயர் நீளம் என்று அர்த்தம். பக்கத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள், மடித்து முறுக்கிவிடுங்கள். வெட்டினதை ஒட்ட வைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கே கட்டுவது என்பதில்தான் நான் மூக்கறுபட்டேன். வரப்புப் பனையில் ஒரு முனை, வீட்டுத் தென்னையில் ஒரு முனை, இரண்டையும் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினேன். தென்னையில் கட்டித் தந்தவர் கள் இறக்க வருகிறவர். “எதுக்குங்க இந்தக் கம்பி?” என்றார். “பேசறதுக்கு” என்றேன். மேலிருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பனை அசையவில்லை, தென்னை ஆடிற்று. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒயர் அறுந்து பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைமேல் கிடந்தது. அந்த மாடு ரெண்டு நாள் பால் குறைத்துக் கொடுத்ததற்கும் என் ஒயர்தான் காரணம் என்று இன்றுவரை பேச்சு.

இப்போது பனையில் மட்டும் நிலையான முடிச்சு. தென்னை முனையில் பழைய கிணற்றுக் கப்பி, அதன் வழியாக நைலான் கயிறு, கயிற்று நுனியில் பாதி மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேன். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், ஒயர் தப்பிக்கும். எட்டு ஆடி பார்த்துவிட்டது. உங்கள் திராட்சைப் பந்தல் கல்தூணைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதில் ஒரு மூங்கிலை நிமிர்த்திக் கட்டினாலே போதும். ஒன்று மட்டும்: மின்கம்பி போகிற பக்கமே போகாதீர்கள். ஒயர் அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

தமிழில் பேசலாமா? ஆங்கிலம் எனக்கு ஓடாது.
– இல்லத்தரசி, மீனாட்சிபுரம்

தாராளமாகப் பேசலாம், அம்மா. தினம் காலையில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம். கால்சைன் மட்டும் ஆங்கில எழுத்தில். ரகசியப் பாஷை கூடாது என்றுதான் விதி, தமிழ் ரகசியமில்லை.

என் ஆதார் தமிழ்நாட்டில், குடியிருப்பது கேரளத்தில். எந்த மாநிலத்தில் லைசென்ஸ்?
– லாரி உரிமையாளர், வாளையார்

லைசென்ஸ் மத்திய அரசு கொடுப்பது. கால்சைனில் மாநிலம் தெரியாது. செட் வைக்கிற இடத்தின் முகவரி லைசென்ஸில் ஏறும். வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும். நான் கட்டியபோது 20 வருஷத்துக்கு 1,000 ரூபாய், ஆயுள் லைசென்ஸுக்கு 2,000. ஆயுளுக்கே கட்டினேன். இத்தனை வயசுக்கு மேல் அது லாபமா என்று மகன் கேட்டான்.

வாட்ஸப் இருக்கும்போது இது எதற்கு?
– பெயர் வேண்டாம் என்கிறார், சித்தூர்

பத்து வருஷமாக என் மனைவி கேட்கிற கேள்வி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து ஹாம்கள் தகவல் கடத்தினார்கள் என்பது உண்மை. அதை நான் வீட்டில் பெருமையாகச் சொல்வதும் உண்டு. ஆனால் நான் செட் வாங்கியது அதற்காக என்று சொன்னால் பொய்.

தாத்தா, எனக்கு 13 வயசு. ஸ்பேஸ் ஸ்டேஷனில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, கோவிந்தாபுரம்

முடியும் கண்ணு. அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசுவது 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கும். சில நாள் அதே இடத்தில் படம்கூட அனுப்புவார்கள். விசில் சத்தமாகக் கேட்கும், கம்ப்யூட்டர் அதைப் படமாக வரைந்து கொடுக்கும். கணினியில் செருகி ரேடியோ கேட்கிற சின்ன எஸ்.டி.ஆர். ரிசீவர் ஒன்று, 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்று. பழைய குடைக்கம்பியே ஆகும். நிலையம் தலைக்கு மேல் வந்துபோக மொத்தம் பத்து நிமிஷம்தான், அதனால் எப்போது வரும் என்று முன்னாடியே பார்த்து வைத்துக்கொள். கிட்டே வரும்போது அலைவரிசை கொஞ்சம் மேலேயும், தாண்டிப் போகும்போது கீழேயும் நகரும். ரயில் ஊதிக்கொண்டு போனால் சத்தம் மாறுமே, அந்த மாதிரி.

நம் நாடே ஹாம்களுக்காக ஒரு செயற்கைக்கோள் விட்டது. ஹாம்சாட் என்று பெயர், 42.5 கிலோ. 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1-உடன் போனது. 2014 வரை வேலை செய்தது. நான் பரீட்சை எழுதின வருஷமே அது போய்ச் சேர்ந்தது, என் ராசி. நீ 12 தாண்டிவிட்டாய், பரீட்சை எழுதலாம். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

லைசென்ஸ் வந்து மூன்று மாதமாயிற்று. பட்டனை அழுத்தினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதலில் என்ன பேசுவது?
– வங்கி ஊழியர், போடி

பேச விஷயமே தேவையில்லை. பேர், ஊர், அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்ற ரிப்போர்ட், இது போதும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. ‘ஃபைவ் நைன்’ என்றால் அருமையாகக் கேட்கிறது. லாகில், அதாவது யாரோடு எப்போது பேசினோம் என்ற குறிப்பேட்டில், நேரத்தை எழுதும்போது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து, உலகப் பொது நேரமாக எழுதுங்கள். ஒரு தாளில் உங்கள் கால்சைனை எழுத்துக்கூட்டி மைக்குக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். இதை நான் செய்யவில்லை.

அன்று காலை 7:12. லாகில் 01:42. எட்டு மாதம் கேட்டுப் பழகின கூட்டம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் ஒரு மூச்சு இடைவெளி. பட்டனை அழுத்தினேன். கால்சைனைச் சொல்லிவிட்டேன். “யாரோ புதுசா கூப்பிடறாங்க, மறுபடி ஸ்பெல் பண்ணுங்க” என்றார் கூட்டம் நடத்துகிறவர். பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட விக்டரும் யூனிஃபார்மும் எங்கே போனார்களோ, தந்தி ஆபீஸ் கவுன்டர் வழக்கம் வாயில் வந்துவிட்டது: “வி ஃபார் வேலூர், யு ஃபார் உடுமலைப்பேட்டை…”

பட்டனை விட்டேன். இரண்டு விநாடி வெறும் இரைச்சல். அப்புறம் சேலம் பக்கத்திலிருந்து ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், கோட்டயத்தில் ஒருவர் சேர்ந்துகொண்டார். ஃபைவ் நைன் கொடுத்தார்கள்.

இன்று காலையும் நான் பத்து நிமிஷம் தாமதம். செட்டைப் போடும்போதே கேட்டது: “உடுமலை வந்தாச்சா?” வந்தாச்சு என்று சொல்லி, கால்சைனையும் சொன்னேன். விதி விதிதானே.