மருத்துவர்கள் கைவிரித்த பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாய்மாமா கடுமையான செப்சிஸ் பாதிப்புடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்து, நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழந்து, வென்டிலேட்டரிலும் டயாலிசிஸிலும் இருந்தார். இந்த நிலையில் நூறில் பத்துப் பேர்தான் பிழைப்பார்கள், உறவினர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் படுக்கையோரம் தொங்கிய பையில் சிறுநீர் சேரத் தொடங்கியது. அதன்பின் படிப்படியாகத் தேறி இப்போது வீட்டில் நடமாடுகிறார். அதே மருத்துவர், "எங்கள் கையில் எதுவும் இல்லை, மேலே இருப்பவன் செயல்" என்றார். அத்தை இதை அற்புதம் என்கிறார். செவிலியராக இருக்கும் என் தங்கை அதைக் கேட்டாலே கோபப்படுகிறாள். காப்பாற்றியது அறிவியல்தான் என்கிறாள். மாமாவோ, கடவுள் காப்பாற்றிய உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிட்டு வந்ததை நிறுத்திவிட்டார். இது அற்புதமா, அறிவியலா? நாங்கள் யாருக்கு நன்றி சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மாமா எழுந்து நடமாடுகிறார் என்பதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பவற்றுள் இயற்கைக்குப் புறம்பானதாக எதுவும் எனக்குத் தென்படவில்லை. நடக்க வாய்ப்புக் குறைவாக இருந்த ஒன்று நடந்திருக்கிறது. அதே சமயம், காப்பாற்றியது அறிவியல் என்று உங்கள் தங்கை சொல்வதையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதே சிகிச்சையைப் பெற்ற எத்தனையோ பேர் பிழைக்கவில்லை என்பதை அவர் உங்களைவிட நன்றாக அறிவார்.

சிறுநீர் திரும்பி வந்ததைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் அற்புதம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். செப்சிஸில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை உட்புறமாகப் போர்த்தியிருக்கும் செல்கள் அடிபடுகின்றன. பல உதிர்ந்து குழாய்களையே அடைத்துக்கொள்கின்றன. சிறுநீர் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் செல்கள் அமர்ந்திருந்த அடிச்சவ்வு சிதையாமல் இருந்தால், எஞ்சிய செல்கள் தட்டையாகிப் படர்ந்து, பிளந்து பெருகி, வெறுமையான இடங்களை மெல்ல மூடிவிடும். இதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை உடலில் சேரும் கழிவையும் பொட்டாசியத்தையும் வெளியேற்ற டயாலிசிஸ் இயந்திரம் இருக்கிறது. அந்த இயந்திரம் சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை. சிறுநீரகம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வரை ஆளை உயிரோடு வைத்திருக்கிறது. வென்டிலேட்டரும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகளும் அப்படித்தான். கிருமியை ஒடுக்கும் வேலையில் ஆன்டிபயாட்டிக் நேரடியாக இறங்குகிறது என்றாலும், மீண்டெழும் வேலையை உடல்தான் செய்ய வேண்டியிருக்கிறது. "எங்கள் கையில் இல்லை" என்று உங்கள் மருத்துவர் சொன்னதில் பாதி இந்த உண்மைதான். மீதிப் பாதி அவருடைய நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை.

அடுத்து அந்த நூறில் பத்து. பத்துப் பேர் பிழைப்பார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரும் யாரோ ஒரு வீட்டின் மனிதர்கள்தான். அவர்களில் ஒருவர் நம் வீட்டைச் சேர்ந்தவராக அமைந்துவிட்டால் மருத்துவரின் கணக்கே பொய்த்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றறை உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்றே அன்றைய மருத்துவ ஏடுகளில் இருந்தது. புள்ளியியல் அறிந்த அவர், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் என்பதையும், அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழ இடமுண்டு என்பதையும் உடனே கண்டுகொண்டார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் அதனோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

மருத்துவர்கள் கெடு சொல்லி, அந்தக் கெடுவைத் தாண்டி வாழ்ந்தவர்களின் கதைகளையே நாம் கேட்கிறோம். உண்மை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இறுதிக்கட்டப் பராமரிப்புக்கு வந்த 468 நோயாளிகளின் மீதி ஆயுளை அவர்களுடைய மருத்துவர்களையே கணிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ சரியாகக் கணிக்கப்பட்டவை 20 விழுக்காடு. 63 விழுக்காட்டில் மருத்துவர்கள் சொன்னதைவிட நோயாளி முன்னதாகவே இறந்துவிட்டார். 17 விழுக்காட்டில் மட்டுமே கூடுதலாக வாழ்ந்தார். அந்தச் சிறு பகுதியிலிருந்துதான் நம்முடைய அற்புதக் கதைகள் எல்லாம் வருகின்றன. எதிர்பார்த்ததற்கு முன்பே இறந்தவர்களைப் பற்றி யாரும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் விளங்காத நிகழ்வே இல்லை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர், பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டியபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். கழுத்தில் திரும்பத் திரும்ப வளர்ந்த சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டியோடு கைவிடப்பட்ட ஒரு நோயாளிக்கு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தோல் சிவந்து வீங்கும் கடுமையான தொற்று வந்திருக்கிறது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்துபோயிருக்கிறது. கோலி அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நலமாக இருந்தார். 1891இல் கோலி தம் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே அந்தக் கிருமியைச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை, சிலர் அந்தத் தொற்றாலேயே இறந்தனர். கதிர்வீச்சு சிகிச்சை வந்தபின் அவர் முறை ஓரங்கட்டப்பட்டது. ஆனால் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்ப முடியுமா என்ற அவருடைய கேள்வி பிழைத்துக்கிடந்தது. பிற்கால ஆய்வுகள் வேறு வழியில் அதை எட்டின. 2018இல் ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்ஜோவும் நோபல் பரிசு பெற்றது அந்தத் துறையில்தான். கோலி அதை அற்புதம் என்று மூடி வைத்திருக்கலாம். தற்செயல் என்று ஒதுக்கியிருக்கவும் செய்யலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை என்பதே எனக்கு அவர்மேல் மரியாதை வரக் காரணம்.

உங்கள் தங்கைக்கும் ஒரு சங்கடமான உதாரணம் உண்டு. ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வௌவால் கடித்துத் தடுப்பூசி போடாமல் விட்ட பதினைந்து வயதுப் பெண்ணை, மில்வாக்கி நகர மருத்துவர்கள் மருந்துகளால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளித்தனர். அவள் பிழைத்தாள். உடனே அது ஒரு சிகிச்சை முறையாகவே பெயர் சூட்டப்பட்டு உலகின் பல இடங்களில் பின்பற்றப்பட்டது. மிகப் பெரும்பாலானோர் இறந்தனர். மருத்துவமனைக்கு வந்தபோதே அந்தப் பெண்ணின் இரத்தத்தில் ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது உடல் தானே உருவாக்கும் நோயெதிர்ப்புப் புரதங்கள், இருந்தன. அவளுடைய உடலே வைரஸை வென்றுகொண்டிருந்திருக்கலாம் என்றும், மயக்க மருந்துக்கு அதில் பங்கில்லாமல் இருக்கலாம் என்றும் இன்று பல வல்லுநர்கள் கருதுகிறார்கள். ஒரே ஒருவர் பிழைத்ததை வைத்து முடிவுக்கு வருவது பக்தர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

அத்தையிடம் நீங்கள் வாதம் செய்யப்போவதில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் ஒரு தகவல்: பிரான்சின் லூர்து திருத்தலத்தில் குணமடைந்ததாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்க 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. பதிவான 7,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் 2018 வரை கத்தோலிக்கத் திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை வெறும் 70. சிகிச்சையால் குணமாகியிருக்க வாய்ப்பு இருந்தாலே அவர்கள் தள்ளிவிடுவார்கள். அந்தச் சல்லடையில் உங்கள் மாமாவின் கதை முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

பிரார்த்தனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் நூறில் மற்றத் தொண்ணூறு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிரிவின் வாசலில் உங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில், பிணத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் குறைவாகவா வேண்டிக்கொண்டிருப்பார்கள்? எங்கள் வேண்டுதல் பலித்தது என்று நாம் சத்தமாகச் சொல்லும்போது, உங்களுடையது பலிக்கவில்லை என்ற செய்தியும் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அத்தை தம் மனத்துக்குள் கடவுளுக்கு நன்றி சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் அதைப் பிரகடனம் செய்யாமல் இருந்தால் போதும்.

யாருக்கு நன்றி சொல்வது என்றீர்கள். படுக்கைப் புண் வராமல் அவரை மணிக்கணக்கு வைத்துத் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்கு, குழாய் வழியே சளியை உறிஞ்சி எடுத்தவர்களுக்கு, சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி என்று ஒவ்வொரு மணி நேரமும் எழுதி வைத்த இரவுநேரச் செவிலியருக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்தப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். உங்கள் தங்கையின் கோபத்துக்குக் காரணம் கடவுள் அல்ல, இவர்கள் யாருடைய பேச்சிலும் வராததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக மாத்திரை. இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய சிறுநீரகம் பிற்காலத்தில் நாள்பட்ட நோய்க்கு ஆளாகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம்; கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் அது விரைவாக நிகழும். இந்த வாரத்திலேயே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய மாத்திரைகளை நீங்களாக மீண்டும் தொடங்க வேண்டாம். சிறுநீரகத்தின் இன்றைய நிலைக்கேற்ப அளவோ மருந்தோ மாற வேண்டியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் எவ்வளவு இடைவெளியில் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்கவில்லை என்றால், அத்தையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.