ஃபைபர் கூட்டுக்குள் ஒரு கார்: வாசகர் கேள்வி பதில்

பிரபல ஸ்போர்ட்ஸ் காரின் நகலை, அதாவது ரெப்ளிகாவை, கட்டுகிற வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் பாடியைப் பற்றியே பேசுகின்றன. கோளாறோ பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கிறது. அதனால் இந்த முறை அடிப்பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பெருந்துறை வாசகர்: எங்கிட்ட பழைய மாருதி 800 ஒண்ணு இருக்குதுங்க. அது மேல ஃபெராரி எஃப்40 மாதிரி ஃபைபர் பாடி போட்டு ரோட்டுல ஓட்டலாமுங்களா? ஆர்.சி.ல மாத்திக்க முடியுமுங்களா?

ரோட்டில் ஓட்ட முடியாதுங்க. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமெரிக்காவில் குறைந்தது 25 ஆண்டுக்கு முந்தைய கார்களின் ரெப்ளிகாவை ஆண்டுக்கு 325 வரை செய்துகொள்ளச் சிறு தயாரிப்பாளர்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்கிறார்கள். அதைக் காட்டி இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க முடியாது.

உங்கள் காருக்குரிய இடம் சொந்த நிலமும் பந்தயத் தடமும்தான். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியவர் நம் கோவை எஸ்.கரிவரதன். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியதுதான். ஒரு தடத்தில் இறக்க எண்ணினால், அவர்கள் கேட்கும் பாதுகாப்பு அம்சங்களை முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு பொருத்த இடம் தேடினால் பாடியை அறுக்க வேண்டி வரும்.

இன்னொன்று. 800 காரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர இடைவெளி, 2,175 மி.மீ. எஃப்40 காருக்கு 2,450. இடது வலது சக்கர இடைவெளி 800-இல் சுமார் 1.2 மீட்டர், எஃப்40-இல் சுமார் 1.6 மீட்டர். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட கதைதான். 800 ஒரு மோனோகாக், அதாவது தகரக் கூடேதான் வண்டியைத் தாங்கும் சேஸி. கூரையையும் தூண்களையும் அறுத்துவிட்டு மேலே ஃபைபரை மாட்டினால் வண்டி நடுவில் தொய்யும். முதலில் கதவு பிடிக்கும், பிறகு கண்ணாடி விரியும். அந்தக் காரிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் மாட்டும் ஹப், பிரேக் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சேஸியைப் புதிதாகக் கட்டுங்கள்.

கரூர் வாசகர்: பாடி மாட்டியாச்சுங்க. சக்கரம் உள்ளே போய்க் கிடக்குது. மூணு இஞ்ச் ஸ்பேசர் லேத்துல கடைஞ்சு போட்டா போதுமுங்களா?

போடாதீர்கள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் இந்த வட்டத் துண்டால் சக்கரம் 75 மி.மீ. வெளியே போனால், தரையிலிருந்து வரும் உதை ஹப் பேரிங்கை அந்த அளவு நீளமுள்ள கம்பியால் நெம்புவதற்குச் சமம். பேரிங் சீக்கிரம் ஊளையிடும், போல்ட் கழுத்தில் விரிசல் விழும். ஒரு பக்கம் பிரேக் பிடித்தாலே ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். அகலம் வேண்டுமென்றால் சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க்கையை நீளமாகச் செய்து, அதன் சேஸி முனையையும் இடம் மாற்றி, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டையும் அதற்கேற்பச் செய்ய வேண்டும். பாடியைக் கழற்றாமல் இது நடக்காது.

பொள்ளாச்சி வாசகர்: இதுதான் என் முதல் கார். எந்த மாடலை எடுத்தால் முடித்துக் காட்டலாம்?

லோட்டஸ் செவன். 1957-இல் வந்த கார். மூக்கும் மட்கார்டும் தவிர எல்லாம் தட்டையான அலுமினியத் தகடு, கதவு இல்லை, கூரை இல்லை. முன்னால் எஞ்சின், பின்சக்கரத்துக்கு ஓட்டம். இதற்கு 800-ஐவிட ஆம்னி வேன் பொருந்தும். அதே 796 சிசி எஞ்சின், ஆனால் நீளவாக்கில் அமர்ந்து பின் அச்சை ஓட்டுகிறது. வேனில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் எஞ்சினைப் பொருத்துங்கள். ஆயில் தேங்கும் சம்ப்பும் கார்புரேட்டரும் அந்தச் சாய்வுக்கென்று செய்தவை. எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் வரும் நடு எஞ்சின் மாடல் என்றால் 800-இன் முன்பகுதி முழுவதையும் அப்படியே பின்னுக்குத் தள்ளலாம். முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டால் முன்னே போகும் கியர் அத்தனையும் பின்னே இழுக்கும்.

திருச்செங்கோடு வாசகர்: 25 எம்.எம். சதுரக்குழாயில சேஸி வெல்டு பண்ணி முடிச்சுப் பார்த்தா ஒரு மூலை 8 எம்.எம். தூக்கி நிக்குது. ஜாக்கி கொடுத்து அமுக்கினா சரியாயிடுமுங்களா?

ஜாக்கியை எடுத்ததும் பாதி திரும்பி வரும். மீதி, இணைப்புகளுக்குள் இறுக்கமாக ஒளிந்திருந்து, ஓட்டத்தில் வெல்டைப் பிளக்கும். காரணம் நீங்கள் ஒரு முனையிலிருந்து வரிசையாக முழு வெல்டு வைத்துக்கொண்டே வந்தது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும்; வெல்டு வைத்த பக்கமாகச் சட்டம் வளையும். தூக்கிய மூலைக்கு வரும் மூலைவிட்டக் குழாய்களை அறுத்து எடுத்துவிட்டு, சட்டம் மேசையில் தானாகப் படிகிறதா பாருங்கள். பெரும்பாலும் படியும். பிறகு புதுத் துண்டு.

புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க: மேசையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, நடுக்கோட்டை நூல் பிடித்துக் குத்துளியால் குறித்துவிடுங்கள். சாக்பீஸ் கோடு இரண்டு நாளில் அழியும். எல்லாக் குழாய்களையும் புள்ளி வெல்டு மட்டும் வைத்து நிறுத்தி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகே முழு வெல்டு. முன் இடதில் ஒன்று, அடுத்தது பின் வலதில், அடுத்தது முன் வலதில் என்று தாவித் தாவிப் போங்கள். 1.6 மி.மீ. சுவர் போதும். அது மீட்டருக்கு 1.18 கிலோதான், 40 மீட்டர் போனாலும் 47 கிலோ. பயத்தில் 3 மி.மீ. குழாய் போடுவதைவிட, ஒவ்வொரு நாற்கரத்திலும் ஒரு குறுக்குக் குழாய் கொடுத்து முக்கோணமாக்குவது பல மடங்கு விறைப்பு தரும். சஸ்பென்ஷனைப் பூட்டும் காதுகளுக்கு 3 மி.மீ. தகடு. தலைக்குப் பின்னால் வரும் கூண்டு வளைவு மட்டும் தையலில்லாத குழாயாக 45×2.5 அல்லது 50×2.0 மி.மீ. இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்து வைக்கவே கூடாது.

காங்கேயம் வாசகர்: மோல்டில இருந்து எடுத்த பானெட்டு மேல ஜெல்கோட் யானைத்தோல் மாதிரி சுருங்கிடுச்சு. பட்டி பார்த்து மறைச்சுக்கலாமுங்களா?

மறைக்கலாம், ஆனால் அடுத்த கோடையில் சுருக்கம் பெயின்ட் வழியாக மேலே வரும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது. ஏன் சுருங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மோல்டில் முதலில் பூசும் நிறப் பூச்சுதான் ஜெல்கோட். அது முழுதாக இறுகுவதற்குள் அதன்மேல் ஃபைபரை ஒட்டும் பிசினான ரெசின் பட்டால், ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் ஜெல்கோட்டுக்குள் ஊறி அதை உப்பவைக்கும். உப்பியது போக இடமில்லாமல் மடியும். அதுதான் யானைத்தோல். மூன்று தவறுகளில் ஒன்று நடந்திருக்கும்: பூச்சு மெலிந்திருக்கும், இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கும், அல்லது அவசரப்பட்டு, கண்ணாடி இழை விரிப்பான மேட்டை வைத்திருப்பீர்கள். பூச்சு 0.5 மி.மீ. இருக்க, சதுர மீட்டருக்கு 600 கிராம் ஜெல்கோட் செலவாக வேண்டும். செலவானது 350 கிராம்தான் என்றால் பூச்சு மெல்லியது என்று தராசே சொல்லிவிடும். கேட்டலிஸ்ட் 2 சதவீதம், அதாவது 600 கிராமுக்கு 12 கிராம். கண்ணளவில் ஊற்றாதீர்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் ஒட்டக் கூடாது. அப்போதுதான் மேட்.

முதல் அடுக்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒன்றே ஒன்று. மூலைகளில் காற்று நிற்காமல் ரோலரால் ஓட்டி, அது இறுகிய பிறகு 450 கிராம் மேட் இரண்டு. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின். 450 கிராம் மேட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் அடித்தால் சூடு ஏறி பானெட்டு முறுக்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ரெசினுக்குக் கேட்டலிஸ்டை 1 சதவீதத்துக்குக் குறைக்கலாம், அதற்கும் கீழே வேண்டாம். ரெசின் முழுதாக இறுகாமலே நின்றுவிடும். ஆடிக்காற்றில் திறந்த கொட்டகையில் ஜெல்கோட் பூசாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஸ்டைரீனையும் அள்ளிப் போகும், தூசியையும் கொண்டுவந்து ஒட்டும்.

கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றொன்று. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் கால்மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மோல்டுக்கு ஒரு யோசனை. கோவை ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்யும் ஆசாரிகளிடம் மூல உருவத்தைக் கேளுங்கள். இடதும் வலதும் ஒன்றுபோல வர வேண்டும், மோல்டிலிருந்து கழன்று வரச் சரிவு வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை. மோல்டு, வார்க்கும் பொருளைப் போல மூன்று மடங்கு தடிமன் இருக்கட்டும். இரும்புச் சட்டத்தை முதுகில் ஒட்டி, ஒரு வாரம் கழித்துக் கழற்றுங்கள்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: 800 முன்பகுதியைப் பின்னால் வைத்து நடு எஞ்சின் வண்டி கட்டியிருக்கிறேன். 50 கிலோமீட்டர் வேகம் தாண்டி ஒரு மேட்டில் ஏறினால் பின்பக்கம் தானாகத் திரும்புகிறது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை.

அலைன்மென்ட் பார்ப்பவர் வண்டியை நிறுத்தி வைத்து அளக்கிறார். உங்கள் கோளாறு சக்கரம் ஏறி இறங்கும்போது வருகிறது. ஸ்டியரிங் ரேக்கை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடை வெட்டிச் சுருக்கி, பக்கத்தில் கிடைத்த குழாயில் பிடித்திருப்பீர்கள். கீழ்க்கை ஒரு வட்டத்தில் ஆடுகிறது, டை ராடு வேறொரு வட்டத்தில் ஆடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது சக்கரம் திரும்பியே ஆக வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு நேர்ப்பலகையைக் கட்டுங்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை 10 மி.மீ. படியாக மேலே 50, கீழே 50 வரை நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் பலகையின் முன் முனைக்கும் பின் முனைக்கும் நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தை எழுதுங்கள். மேலே போகும்போது உள்ளேயும் கீழே வரும்போது வெளியேயும் திரும்பினால், அல்லது அதற்கு நேர்மாறாகத் திரும்பினால், டை ராடின் உள்முனையின் உயரம் தவறு. மேலேயும் கீழேயும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் தவறு. உயரத்தை 3 மி.மீ. வாஷர் கணக்கில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். 30 மி.மீ. ஏற்ற இறக்கத்துக்குள் மாற்றம் 1 மி.மீ.க்குக் கீழ் வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. உள்முனையில் ரப்பர் புஷ் வேண்டாம், உலோகக் குண்டுள்ள ரோஸ் ஜாயிண்ட் போடுங்கள். கடைசியில் சக்கரத்தின் முன்முனை சற்று உள்ளே பார்க்கும்படி 1 முதல் 2 மி.மீ. டோ-இன் வைத்துப் பூட்டுங்கள். அதுவரை வேகமாக ஓட்ட வேண்டாம்.

நாமக்கல் வாசகர்: ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது. பேட்டரி புதுசுங்க.

தகர பாடியில் மின்சாரம் திரும்பி வரும் வழி பாடியே. ஃபைபரில் மின்சாரம் பாயாது. பழைய ஒயரிங்கை அப்படியே மாட்டியதால் ஒவ்வொரு விளக்கும் பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் டேங்க் மிதவைக்கும் தனிக் கறுப்பு ஒயர் இழுத்து, சேஸியில் பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் சேருங்கள். எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே பேட்டரி கேபிள் தடிமனில் ஒரு எர்த் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிள் உறை உருகும். முடித்ததும் விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரில் எங்கோ பெயின்ட் சரியாகச் சுரண்டப்படவில்லை.