படம் சேர்த்ததும் திரை இருண்டுவிடுகிறதா?

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்தில் உறைபனி விழுவதைக் கவனிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினி போர்டில் வெப்பமானி செய்திருக்கிறார். 0.96 அங்குல ஓலெட் திரையில் எழுத்து நன்றாக வருகிறது, ஆன் செய்ததும் நம்ம மலை ரயில் படம் வரட்டும் என்று சேர்த்தால் திரையே இருண்டுவிடுகிறது. திரை போய்விட்டதா?

திரைக்கு ஒன்றுமில்லை தம்பி, அவசரப்பட்டு வேறு வாங்கிவிடாதீர்கள். போர்டின் தற்காலிக நினைவகமான ரேமில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். 128க்கு 64 புள்ளி உள்ள திரை, ஒரு பைட்டில் எட்டுப் புள்ளி, ஆக முழுத்திரைப் படம் 1024 பைட். ஊனோவின் மொத்த ரேமே 2048 பைட். அதில், திரையை இயக்கும் அடாஃப்ரூட் லைப்ரரி, வரைவதைச் சேர்த்துவைக்கத் தனக்கென்று 1024 பைட் எடுத்துக்கொள்கிறது, அதையும் புரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகுதான் கேட்கிறது, அதனால் கம்பைல் செய்யும்போது காட்டும் ரேம் கணக்கில் அது வராது. அங்கே எல்லாம் சரியாகத் தெரியும், போர்டில் ஏற்றினால் இருட்டு. நானும் இதே இடத்தில் இரண்டு ராத்திரி வயரை மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறேன்.

படத்தின் எண்களை வைத்திருக்கும் அர்ரேயின் பெயருக்குப் பின்னால், சமக்குறிக்கு முன்னால், ப்ரோக்மெம் (PROGMEM) என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் சேருங்கள். படம், புரோகிராம் தங்கும் 32 கேபி ஃபிளாஷிலேயே இருந்துகொள்ளும். அந்த வரியின் முன்னால், மாறாதது என்று சொல்லும் கான்ஸ்ட்டும் (const) வேண்டும். கான்ஸ்ட் மட்டும் போட்டு ப்ரோக்மெம்மை விட்டால், சின்னப் படம்கூடக் கன்னாபின்னாவென்று புள்ளியாகத்தான் வரும், ஏனென்றால் படம் வரையும் டிராபிட்மேப் கட்டளை அதை ஃபிளாஷில் போய்த் தேடும்.

அப்புறம் ரயில் துண்டு துண்டாகச் சிதறி வந்தால், படத்தைப் புரோகிராமுக்கான எண்களாக மாற்றும்போது செங்குத்து என்று தேர்ந்திருப்பீர்கள். கிடைமட்டமாக மாற்றுங்கள்.

போட்டோவை அப்படியே சுருக்காதீர்கள், 64 புள்ளி உயரத்தில் மை கொட்டினது போலத்தான் இருக்கும். கணக்கு நோட்டின் கட்டத்தில் நீங்களே வரையுங்கள். புகைபோக்கிக்கு அகலம் நாலு கட்டம். சக்கரம் பத்துக் கட்ட வட்டம், நடுவில் கொஞ்சம் இருட்டாக விட்டால்தான் சக்கரமென்று கண்ணுக்குப் படும். புகையை ஒட்டாமல் தனித்தனிப் புள்ளியாகப் பரப்புங்கள், அழகாக வரும்.

மூன்று விநாடி காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். ஓலெட்டில் ஒரே புள்ளிகள் மாதக்கணக்கில் எரிந்தால் அவை மட்டும் மங்கிப்போகும். அழித்த பிறகும் டிஸ்ப்ளே கட்டளையை ஒருமுறை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ரயில் நின்ற இடத்திலேயே நிற்கும்.